எட்டு மூட்டை மணலும் மேல்தளத்துச் சாமியும்

மே 5, செவ்வாய்

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். கத்திரி இல்லை இது, அரிவாள். காலை எட்டு மணிக்கே துறைமுகத்துச் சிமெண்ட் தரையில் செருப்பு ஒட்டுகிறது.

இன்று முதல் வேலை: அப்பாவின் யாட்சுக்கு மேற்பார்வை. பதவியின் பெயர் 'ஓனர் தரப்பு'. உண்மைப் பெயர் தண்டனை. போன வாரம் தி.நகரில் எங்கள் நகைக்கடை வாசலில் பொம்மைக்குப் பதிலாக நானே பட்டுப்புடவை, ஆரம் சகிதம் அசையாமல் நின்றேன். ஒரு மாமி ஆரத்தைத் தொட்டுப் பார்த்தார். "செய்கூலி தனி" என்றேன். மாமிக்கு மயக்கம், அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு.

தீர்ப்பு: "பள்ளிக்கூடம் திறக்குற வரைக்கும் கடைப்பக்கம் வரப்படாது. போயி படகு வேலையப் பாரு. அங்க நீ யாரை மயக்கம் போட வைக்கேன்னு பாக்குதேன்."

படகு அறுபதடி. வெள்ளை. தண்ணீரில் இறக்கி, படகுப் பட்டறைச் சுவர் ஓரமாகக் கட்டியாயிற்று. உள்வேலையும் சோதனைகளும் பாக்கி. வெள்ளோட்டம் 15ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, ஒன்பதேகால் முகூர்த்தம். சொந்தபந்தம் நாற்பது பேர். யாட்ச் அப்பாவுடையது, ஆட்சி அம்மாவுடையது.

என் வேலை ஒரு நோட்டில் குறைகளைக் குறிப்பது. இன்றைய குறைகள்:
– கழிவறைக் கதவு. உள்ளே பூட்டினால் திறக்க மறுக்கிறது. (சோதித்தவர்: நான். இருபது நிமிடம்.)
– ஏ.சி. தண்ணீர் நேராக அப்பாவின் தலையணைமேல். இதைச் சரிசெய்ய அவசரமில்லை.
– மூன்றாம் படி விளக்கு கண்ணடிக்கிறது. என்னைப் பார்த்து மட்டும்.

மே 6, புதன்

காற்றே இல்லை. மோர் மூன்று டம்ளர்.

இங்கே எனக்குத் துணை இரண்டு பேர். ஒருவர் மைதிலி மேடம், மயிலாப்பூர். படகு மிதக்குமா, சாயுமா என்று கணக்குப் போடும் இன்ஜினியர். இனி மை. மே. இன்னொருவர் செல்வம் அண்ணன், ஊரூர் குப்பம். பட்டறையில் தூக்குவது எல்லாம் அவர்தான். தூக்கியதைப் பற்றிப் பேசுவதும் அவரேதான். இனி செ.

ஈக்காட்டுத்தாங்கல் கல் பட்டறையிலிருந்து பூசை மண்டபம் வந்து இறங்கியது. கருங்கல், நாலு தூண், கோபுரம். கிரேன் வைத்து மேல்தளத்தில் ஏற்றினார்கள். மை. மே. முகம் கருங்கல்லைவிடக் கறுத்தது. அம்மாவிடம் போனார்.

"மேடம், இவ்வளவு கனத்தை உச்சில வெச்சா படகு ஒருதரம் சாஞ்சா நிமிராது. கீழ் ஹால்ல வெச்சுக்கலாமே. நன்னா இடம் இருக்கு."

அம்மா: "கீழ வச்சா மேல ஆளு நடக்கும்லா? சாமி தலைக்கு மேல மிதிக்கலாமா? எங்க வீட்டுலயும் மொட்டைமாடிலதான் பூசை ரூம்."

அப்பா நடுவில்: "நாளன்னிக்கு என்னவோ சாய்ச்சுப் பாக்கிய டெஸ்டு இருக்குல்லா. அதுல தேறலைன்னா இறக்கிருவோம். தேறுனா யாரும் பேசப்படாது." இரண்டு பேரும் சரி என்றார்கள். இரண்டு பேரும் தான்தான் ஜெயிக்கப் போவதாகச் சிரித்தார்கள்.

மதியம் போர் அடித்தது. பொல்லாத போர்.

மே 7, வியாழன்

நாளைய டெஸ்டுக்கு எட்டு மணல் மூட்டை. மை. மே. தராசில் ஒவ்வொன்றாக வைத்து, 25 கிலோ என்று நீலப் பெயிண்டில் தன் கையாலேயே எழுதினார்.

செ. மூட்டைகளைச் சுற்றி நடந்தார், மாப்பிள்ளை பார்க்க வந்தவர் மாதிரி. "எட்டும் நான் ஒருத்தனே தூக்குவேன். வேற எவனும் கை வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"முடியுமா அண்ணே?"

"இன்னா பாப்பா இப்டி கேட்டுட்ட? கல்யாண வூட்டு அண்டாவ ஒத்தக் கைல தூக்கிக்கினு போனவன் நானு."

நாலரை மணி. எல்லாரும் கேட்டுக்கு வெளியே டீக்குப் போனார்கள். எனக்கு யோசனை வந்தது. மூட்டைக் கயிற்றை அவிழ், ஒரு சின்ன வாளி மணலை எடு, திரும்பக் கட்டு. எட்டு தடவை. மூட்டைகள் கொஞ்சம் டயட்டில் இருப்பதுபோல் தெரிந்தன. நாளைக்கு இவர் இருபத்தைந்து கிலோவுக்கு மூச்சுப் பிடித்துத் தூக்குவார், மூட்டை பறக்கும், அண்ணன் மல்லாந்து விழுவார். போனில் வீடியோ தயார்.

சிரிப்பை அடக்கியதில் விலா வலி.

மே 8, வெள்ளி

காலை ஆறு மணி. தண்ணீர் கண்ணாடி. ஹால் கூரையிலிருந்து ஒரு நூல், நுனியில் ஒரு குண்டு. குண்டு ஆடாமல் இருக்க அதை வாளித் தண்ணீரில் விட்டிருந்தார்கள். நூலுக்குப் பின்னால் ஒரு ஸ்கேல். எல்லாரும் சாக்பீஸ் வட்டத்தில் நிற்க வேண்டும். மூட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்துவார்கள், நூல் எவ்வளவு விலகுகிறது என்று மை. மே. குறிப்பார்.

செ. குனிந்தார். நான் போனை நீட்டினேன். தூக்கினார்.

விழவில்லை! மூட்டையைத் தலைக்கு மேல் உயர்த்தி அதையே பார்த்தார். கண் பளபளத்தது. "மேடம், இன்னிக்கு பாடி சும்மா தகதகன்னு கீது. நேத்து ராவு வஞ்சிரம் துன்னேன், அதான்." அடுத்து இரண்டு இரண்டாக. விசில் வேறு.

தன் பலத்தை நம்புகிறவனை ஏமாற்றவே முடியாது போல. என் வாழ்க்கையின் மிக மோசமான தோல்வி.

பத்தரைக்கு முடிவு. தேறியது! மை. மே. இரண்டு தடவை கணக்குப் போட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாம் தடவையும் போட்டார். "எதிர்பார்த்ததை விட நன்னாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். குரலில் சந்தோஷம் இல்லை. அம்மா சூடம் ஏற்றினாள். "பாத்தியளா? கனம் தெரியாம நிக்காரு என் சாமி."

மே 9, சனி

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சும்மா கேட்டேன். சத்தியமாகச் சும்மாதான். "மேடம், அந்த நூலை வெச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

அவருக்கு இப்படி யாராவது கேட்டால் போதும். காகிதம் எடுத்தார். "ரொம்ப சுலபம்மா. எட்டு மூட்டை, இருநூறு கிலோ. அதை அந்தப் பக்கம் கொண்டுபோனா படகு சாயும். கொஞ்சமா சாஞ்சா திடமா இருக்குன்னு அர்த்தம். நிறைய சாஞ்சா ஆபத்து. இருநூறு கிலோவுக்கு இவ்வளவுதான் சாஞ்சுது. அதான் பாஸ்."

இருநூறு கிலோ.

"மூட்டையில கனம் குறைச்சலா இருந்தா?"

"அப்போ பொய்க் கணக்கு. சாயற படகைத் திடமான படகுன்னு சொல்லிண்டிருப்போம்." சிரித்தார். "அதுக்குத்தான் என் கையாலேயே எடை போட்டேன்."

கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கதவு வழக்கம்போல் திறக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. வெளியே வரும் முகம் என்னிடம் இல்லை.

செ.யை விழவைக்கத்தானே செய்தேன்? ஒரு ஆள் ஒரு தடவை மல்லாந்து விழ. அவ்வளவுதானே?

மே 10, ஞாயிறு

வீட்டில் அதிரசம் சுடுகிறார்கள். அம்மா போனில் எல்லாருக்கும்: "முதல்ல மேல ஏறி சாமி கும்பிட்டுட்டுத்தான் காப்பி. எல்லாரும் மேல வந்துரணும், ஆமா." நாற்பது பேரும். கல்லோடு. மேலே.

யாரிடமும் சொல்லாமல் சரிசெய்ய ஒரு வழி: சாமியே இறங்க வேண்டும். மொட்டைமாடிக்குப் போய், புது நம்பரிலிருந்து, மூக்கை அடைத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன். "அம்மணி, நான் ஜோசியர் பேசுறேன். கட்டத்தைப் பார்த்தேன். சாமி நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான்..."

"ஏட்டி, தோசை ஆறுது. இறங்கி வா."

மே 11, திங்கள்

செ.யிடம் சொன்னேன். முதலில் அவரிடம்தான் சொல்ல முடிந்தது.

நம்பவில்லை. "போ பாப்பா. இருவத்தஞ்சு இருவத்தஞ்சா தூக்கினேன் நானு. குப்பத்துல அல்லாருக்கும் சொல்லிட்டேன்."

ஒரு மூட்டையைத் தராசில் வைத்தோம். பதினாறே முக்கால்.

முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை, அதைவிட மோசம், வெட்கம். காது சிவந்தது. அப்புறம் அவருக்கும் புரிந்தது. கணக்கு தெரியாது, கடல் தெரியும்.

"போட்டு கவுந்து பாத்துகீறியா நீ?"

"இல்ல."

"போன ஆடில எங்குளுது கவுந்துச்சு. ஒன்னுன்னு எண்ணி வாய மூடல, மேல கீழ ஆயிடுச்சு. நாங்க நீந்துறவனுங்க. உங்க வூட்டாளுங்க நீந்துவாங்களா?"

அப்பா நீச்சல் குளத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். அம்மா கால் நனைக்க மாட்டாள்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

மே 12, செவ்வாய்

சொன்னேன். மை. மே. கத்தவில்லை. கோப்பைத் திறந்து, தன் கையெழுத்தின்மேல் இரண்டு கோடு போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்தது.

"தூக்கறதுக்கு முன்னாடி மறுபடியும் எடை பார்த்திருக்கணும். அது என் தப்பு. மிச்சமெல்லாம் உன் தப்பு. வா, உங்கப்பாகிட்ட சேர்ந்தே சொல்லுவோம்."

கடையின் பின்னறை. அப்பா கத்துவார் என்று காதைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நானும் அதுலதானட்டி இருந்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். மானம் கப்பலேறும் என்பார்கள், எங்கள் வீட்டில் யாட்ச் ஏறியது என்று ஒரு ஜோக் தலைக்குள் ஓடியது. அந்த நேரத்தில். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

மே 13, புதன்

மறு டெஸ்ட். ஆறு மணி. அப்பா, அம்மா இருவரும் வட்டத்தில். மணலைத் திரும்ப நிரப்பிய மூட்டைகளைத் தூக்கும் முன் எடை, தூக்கும்போது மை. மே. பக்கத்திலேயே. என்னைச் சுவரோரம் நிறுத்தி, கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

செ. ஒவ்வொன்றாகத்தான் தூக்கினார். விசில் இல்லை. முதல் மூட்டைக்கே முனகல். ஐந்தாவதில் நூல் போன வாரத்துக் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தது. ஆறாவதில் கோட்டைத் தாண்டி, ஸ்கேலில் எழுத்தே இல்லாத இடத்துக்குப் போயிற்று. காலடியில் தரை சரிவது எனக்கே தெரிந்தது.

"போதும். நிறுத்து." மை. மே. கையை உயர்த்தினார். "இன்னும் ரெண்டு வேண்டாம்."

அப்பா கேட்டார், "அப்ப வெள்ளிக்கிழமை?"

"எல்லாரும் மேல ஏறி, ஒரே பக்கமா நின்னு கரைக்கு டாட்டா காமிச்சாலே போறும் சார்."

அம்மா நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சின்னப் பிள்ளைக மட்டும் பதினொண்ணு வருதுட்டி."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தானே மேலே ஏறினாள். மண்டபத்துக்குள் இருந்த சின்ன ஐம்பொன் முருகனை எடுத்து முந்தானையில் சுற்றினாள். "கல்லை இறக்குங்க. சாமி என் மடில இருக்கட்டும். வெள்ளிக்கிழமையும் மடிதான். மடியோட மேல உக்காந்துக்கிடுதேன், என் தலைக்கு மேல எவனும் நடக்க மாட்டான்லா?"

மே 14, வியாழன்

கிரேன் வந்து கல்லைத் தூக்கியது. படகு ஒரு விரல் அளவு எழும்பியது. ஈரமான பாசிக்கோடு ஒன்று வெளியே தெரிந்தது. மூன்றாம் டெஸ்ட். தேறியது, நிஜமாகவே. மை. மே. இந்த முறை கையெழுத்துப் போடுமுன் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

அப்பாவின் உத்தரவு: "படகுல நீ கை வச்சது எல்லாத்தையும் எழுது. ஒண்ணு விடாம. அந்தக் காயிதம் என் கைக்கு வராம ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்."

"அவ்வளவுதான்ப்பா, மணல் மட்டும்தான்."

அப்பா ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். என் சொல்லுக்கு இப்போது எடை எத்தனை என்று தராசு வைக்காமலே தெரிந்தது.

மே 15, வெள்ளி

காலை ஆறேகால். வீட்டில் மல்லிகை வாசனை, இஸ்திரி வாசனை. காரில் அதிரசத் தூக்கு ஏற்றுகிறார்கள். பட்டியல்:

1. சமையலறையில் உப்பு, சர்க்கரை டப்பா மாற்றம். (திரும்ப மாற்றிவிட்டேன்.)
2. அப்பா அறைக் கண்ணாடியில் சோப்பால் மீசை. (வெந்நீர் ஆவி பட்டால் தெரியும்.)
3. கேப்டன் நாற்காலியைக் கடைசி வரை இறக்கியது. (திருகினால் ஏறும்.)
4. மணல் மூட்டை எட்டு.
5. மே 6, மதியம், போர் அடித்தபோது. முன்பெஞ்சுப் பெட்டி. சின்னப் பிள்ளைகளின் லைஃப் ஜாக்கெட். வார்களை எல்லாம் ஒன்றோடொன்று முடிந்து, சரம் மாதிரி. செ. எடுத்து உதறிக் காட்டும்போது ரயில் வண்டியாக வரட்டும் என்று. முடிச்சுமேல் முடிச்சு. பிறகு பெட்டியை மூடி

ஐயோ.

செ.க்குப் போன். நாலாவது மணியில் எடுத்தார்.

"இன்னா பாப்பா, காலங்காத்தால?"

"அண்ணே, போட்லதான இருக்கீங்க? முன்னாடி பெஞ்சைத் தூக்குங்க. அடியில ஒரு பெட்டி."

"இன்னா கீது அதுல?"

"கோச்சுக்காதீங்க."

மூடி திறக்கும் சத்தம். பிறகு ஒன்றை இழுக்க, மற்றதெல்லாம் கூடவே சரசரவென்று வரும் சத்தம்.

"பாப்பா, இது அல்லாம் கொயந்தைங்க ஜாக்கெட்டு."

"ஆமா."

"பதினொண்ணுமா?"

"பதினொண்ணும்."