ஒரு மீசை, ஒரே டேக்

ஜூன் 3, திங்கள்

ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். மச்சினன் எடுத்த ஒரு நிமிடப் படத்தை இன்று காலை பதினோரு தடவை பார்த்தேன். சலூன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துண்டு மடிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, போனில். ரசிக்கவில்லை. குறை தேடினேன். பதினோராவது தடவை ஒன்று அகப்பட்டது. ஜன்னல் கம்பியில் ஒரு ஈ. அதுவும் அழகாகத்தான் உட்கார்ந்திருந்தது, சனியன்.

படம் இவ்வளவுதான்: ஜன்னலோரம் ஒரு மழைக்கோட்டு சொட்டிக்கொண்டு காய்கிறது. ஆள் இல்லை, பேச்சு இல்லை. ஆனால் அதைப் போட்டிருந்த ஆள் இனிமேல் வரமாட்டான் என்று ஏனோ தோன்றுகிறது. எப்படி?

என் படத்தில் எட்டுப் பேர், ஒரு சண்டை, ஒரு பாட்டு. நேற்று கல்லூரியில், ஞாயிற்றுக்கிழமை சினிமா வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டு, "நிறைய இருக்கு" என்றார். அது பாராட்டா இல்லையா என்று பஸ்ஸில் வரும்போது மச்சினனைக் கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டில் என் மனைவி இரண்டையும் பார்த்தாள். அவனுடையதற்கு: "என் தம்பிக்கு என்ன கண்ணு பாருங்க!" என்னுடையதற்கு ரொம்ப நேரம் யோசித்து: "கடை சுத்தமா இருக்கு."

இந்த நோட்டே டீச்சர் சொல்லி எழுதுவதுதான். என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று எழுத வேண்டுமாம். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஐம்பத்தொரு வயதில் மாணவன். சேரும்போதே சொன்னேன், "எனக்குப் படிப்பு கிடையாது டீச்சர்." "கண்ணு இருக்கா?" என்றார். இருக்கிறது. அதில்தான் இப்போது எரிகிறது.

ஜூன் 9, ஞாயிறு

இன்றைய பாடம்: கோடு. இரண்டு பேர் பேசிக்கொண்டால் அவர்களுக்கு நடுவே மனசால் ஒரு கோடு போட வேண்டும். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம்தான் நிற்கணும். தாண்டினால் திரையில் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள்.

நான் கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் பேசுவதை எடுத்துப் போயிருந்தேன். போட்டுக் காட்டினால் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்து வாயசைக்கிறார்கள், ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

"ஒருத்தரை நேராவும் ஒருத்தரைக் கண்ணாடியிலும் எடுத்திருக்கீங்களே, ஏன்?" என்றார் டீச்சர்.

ஏனா? முப்பது வருஷமாக நான் மனுஷர்களைக் கண்ணாடியில் பார்த்துத்தான் பேசுகிறேன். கிண்டலும் அதில்தான், துக்கம் விசாரிப்பதும் அதில்தான். எனக்கு அதுதான் நேர்.

திரும்பி வரும்போது மச்சினன் சொன்னான்: "மாமா, ஒரு கோடு மனசுல போட்டுக்கங்க, அவ்வளவுதான்."

அவனுக்கு என்ன! வீடு கட்டுவதற்கு வரைபடம் போடுகிற ஆபீசில் உத்தியோகம். பிறக்கும்போதே கையில் ஸ்கேலோடு பிறந்தவன். நான் வைத்த பெயரே அதுதான். ஸ்கேல். ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் அரை வார்த்தை பேசுவான். அதையும் அளந்து.

அவனை இந்த வகுப்புக்குக் கூட்டிப் போனது யார்? பஸ்ஸில் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் என்று கெஞ்சிக் கூட்டிப் போனது யார்? நானேதான். புத்தி!

சாப்பாடு இறங்கவில்லை. "உடம்புக்கு என்ன?" என்றாள் மனைவி. பல் வலி என்றேன்.

ஜூன் 12, புதன்

பல் வலிக்குக் கிராம்பு கொடுத்தாள். வலிக்காத பல்லில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

கடைசிப் படம். இரண்டிரண்டு பேராக மூன்று நிமிடத்துக்கு எடுக்க வேண்டும். ஜூலை பதினாலு, கல்லூரி அரங்கத்தில் குடும்பங்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவார்கள். அப்படியென்றால் என் மனைவியும் வருவாள்.

சீட்டுக் குலுக்கவில்லை. டீச்சரே பிரித்தார். நானும் ஸ்கேலும் ஒரு ஜோடி. சரி. இயக்கம் ஸ்கேல். சரி. கேமராவும் ஸ்கேல். சரியில்லை.

"அப்ப நான் டீச்சர்?"

"கதை உங்களோடது, கடை உங்களோடது, கை உங்களோடது. வேற என்ன வேணும்?"

பெரிதாக ஒன்றும் வேண்டாம். இவள் வாயிலிருந்து, என்னைப் பார்த்து ஒரு வார்த்தை வர வேண்டும். கடை சுத்தம் என்பதைத் தவிர வேறு எதுவாக இருந்தாலும் சரி. இருபத்தாறு வருஷத்தில் என் கிண்டலுக்கு நிறையச் சிரித்திருக்கிறாள். தம்பி பேசும்போது மட்டும் சிரிப்பதில்லை, கேட்கிறாள். வித்தியாசம் இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

கதை கிடைத்தது, நானே பிடித்தது. பஸ் டிரைவர் ஒருத்தர், என் பழைய வாடிக்கை. முப்பதாம் தேதி ஓய்வு. மறுநாள் மீசையை எடுக்கப் போகிறாராம். நாற்பது வருஷ மீசை, இரண்டு பக்கமும் அணில் வால் மாதிரி. ஏன் என்றேன்.

"வேலைக்குன்னு வளத்தது. வேலையோட போகட்டும்."

படம் எடுக்கலாமா என்றதற்கு, "வலிக்குமா?" என்றார். "உங்களுக்கு வலிக்காது" என்றேன்.

ஸ்கேலிடம் சொன்னேன். கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தான். அப்புறம்: "மாமா, மீசை ஒண்ணுதான். ஒரே டேக். மறுபடி எடுக்க முடியாது." கண் மினுங்கியது. என் கதைக்கு மினுங்கிய கண். இன்றைக்கு மட்டும் அவனைப் பிடித்திருந்தது. சாயங்காலம் வரைக்கும்.

சாயங்காலம் அவன் படம் வரைந்து கொண்டுவந்தான், கட்டம் கட்டமாக. டிரைவர் முகம் பெரிதாக. இரண்டு கை. கத்தி. நான் தேடினேன்.

"என் மூஞ்சி எங்கடா?"

"உங்க முகம் வராது மாமா. கை மட்டும்."

கை மட்டும்! கடை என்னது, கதை என்னது, தலையை வெட்டிவிட்டான்.

ஜூலை 1, திங்கள்

எடுத்தாகிவிட்டது.

காலை ஆறரைக்கே வந்து என் கடையை எனக்கே தெரியாத மாதிரி மாற்றிவிட்டான். பவுடர் டப்பா அங்கே, நாற்காலி ஒரு சாண் இங்கே. ஃபேனை நிறுத்து, சத்தம் வரும். டியூப்லைட்டை அணை, வெளிச்சம் ஜன்னலிலிருந்து வரட்டும். கடைசியில்: "மாமா, முடியற வரைக்கும் நீங்க பேசக் கூடாது."

என் கடையில். என்னை.

டிரைவர் உட்கார்ந்தார். கேமரா முன்பக்கம் கண்ணாடி ஓரமாக, அவர் முகத்துக்கு நேராக. ஸ்கேல் குனிந்து அந்தச் சின்னத் திரைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான். கையைத் தூக்கினான். ஆரம்பம்.

வாயைக் கட்டினால் மூஞ்சி சும்மா இருக்குமா? நுரை போடும்போதே ஆரம்பித்துவிட்டேன். படத்தில்தான் தலை இல்லையே! ஸ்கேல் மாதிரி ஒரு கண்ணை மூடி, உதட்டைக் குவித்து, புருவத்தைத் தூக்கி. கேமரா வைக்கும் முன் அவன் விரலால் கட்டம் கட்டுவானே, அதைத் தாடையாலேயே செய்து காட்டினேன். நாக்கை நீட்டினேன். டிரைவர் கண்ணை மூடியிருந்தார். ஸ்கேல் நிமிரவே இல்லை. யாருக்கும் தெரியாமல் ஒருத்தனைக் கேலி பண்ணுவதில் எவ்வளவு நிம்மதி!

அப்புறம் கத்தி. இடது பாதி போனது. வலது பாதி போனது. ஈரத் துண்டால் துடைத்தேன். டிரைவர் கண்ணைத் திறந்து தன்னைப் பார்த்தார். மேலுதடு வெள்ளையாக, சின்னப் பையன் மாதிரி. அவர் கை அங்கே போகப் பார்த்து, பாதியில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் நானும் ஒன்றும் பண்ணவில்லை.

"போதும் மாமா," என்றான் ஸ்கேல். குரல் சரியில்லை. அழகாக வந்துவிட்டது போல. சனியன்.

ஜூலை 5, வெள்ளி

எடிட்டிங் அவன் வீட்டில். கூப்பிட்டான், போகவில்லை. கடையில் கூட்டம் என்றேன். கடையில் நானும் காலண்டரும்தான்.

மத்தியானம் அவனே வந்தான். நாற்காலியில் உட்காராமல் நின்றான்.

"மாமா, படத்துல ஒண்ணு இருக்கு. நீங்க முதல்ல பாத்துடுங்க."

"நீதானே டைரக்டர்? எனக்கு எதுக்கு?"

"இல்ல மாமா, உங்களைப் பத்தி..."

"என் கைக்கு என்ன, சரியா வரலையா? வெட்டிடு. அதையும் வெட்டிடு."

இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனான். எனக்குத் தெரியும். பேர் போடுகிற இடத்தில் என் பேர் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தான். அப்படி மட்டும் இருந்தால், அரங்கத்தில் எழுந்து வெளியே போய்விடுவேன். இவளையும் கூட்டிக்கொண்டு. வருவாளா?

ஜூலை 14, ஞாயிறு

அரங்கம் நிறைந்துவிட்டது. என் பக்கத்தில் இவள், அந்தப் பக்கம் ஸ்கேல், அவனுக்கு அடுத்து டிரைவர், மீசை இல்லாமல், மனைவியோடு. ஸ்கேல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கெட்டவன் என்றால் இவ்வளவு பயப்படுவானா என்று ஒரு ஓரத்தில் தோன்றியது.

படம். டிரைவர் முகம். என் கை. நுரை. நல்லாத்தான் இருந்தது, பொறாமைப்படும்படி.

யாரோ ஒருத்தர் கிளுக் என்றார். அப்புறம் நாலு பேர். அப்புறம் முழு அரங்கமும். துக்கமான படத்துக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று பார்த்தேன். டிரைவர் தோளுக்குப் பின்னால் பின்சுவர்க் கண்ணாடி. அதற்குள் முன்கண்ணாடி. அதற்குள், உள்ளங்கை அளவில், நான். ஒரு கண்ணை மூடி, உதட்டைக் குவித்து. தாடையால் கட்டம் கட்டி. நாக்கு.

முப்பது வருஷமாக ஆயிரம் தலைக்கு "பின்னாடி பாருங்க சார்" என்று அந்தக் கண்ணாடியைக் காட்டியவன் நான். அதை மாட்டியதே நான்.

ஓடிப்போக நினைத்தேன். இரண்டு பக்கமும் வரிசையாக முழங்கால்கள். இவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

மீசை போனது. சிரிப்பு மெல்ல அடங்கியது. டிரைவர் கை பாதியில் நின்றது. கண்ணாடிக்குள் அந்தச் சின்ன ஆளும் நின்றான், சேட்டையெல்லாம் போய், வாய் லேசாகத் திறந்து, அவரையே பார்த்துக்கொண்டு. அது நான்தானா? அப்படி ஒரு மூஞ்சி என்னிடம் இருப்பது எனக்குத் தெரியாது. டிரைவர் மனைவி மூக்கை உறிஞ்சினார்.

கறுப்பு. எழுத்து வந்தது. "கண்ணாடியில்: என் மாமா."

கைதட்டல் முடிந்ததும் ஸ்கேல் குனிந்து சொன்னான், அவன் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு: "முதல் தடவை பாத்தப்ப அழுகையா வந்துச்சு மாமா. என்னை இவ்வளவு பிடிக்காதான்னு. அஞ்சாவது தடவை சிரிச்சுட்டேன். கடைசில அவரைப் பாத்தீங்களே, அது மட்டும் இல்லன்னா வெட்டித் தூக்கியிருப்பேன்."

நான் உன் படத்தைப் பதினோரு தடவை பார்த்தேன் என்று சொன்னேன். குறை தேடினதையும் சொன்னேன். "கிடைச்சுதா?" என்றான். "ஒரு ஈ." "அது நான் காத்திருந்து எடுத்தது மாமா."

பஸ்ஸில் இவள் டிக்கெட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்புறம், "எங்க அம்மா வந்தப்பல்லாம் என் முதுகுக்குப் பின்னாடி நீங்க பண்ணிட்டு இருந்தது இதானா?"

பேச்சை மாற்றினேன். வேறு கேட்டேன்: "கடை எப்படி இருந்துச்சு?"

"கடையா? கடையை யாரு பாத்தா?"

ஜூலை 17, புதன்

டீச்சர் ஸ்கேலின் போட்டோ ஒன்று கேட்டிருக்கிறார், கல்லூரிப் பலகையில் போட. முடி வெட்ட வந்தான். முகம் கொஞ்சம் உம்மென்று இருந்தது. "ஆபீஸ்ல எல்லாரும் படத்தைப் பாத்தாங்க மாமா. ஷாட்டைப் பத்தி ஒருத்தர் கேக்கலை. அந்த மூஞ்சி யாருன்னுதான் கேக்கறாங்க."

ஆறுதலாக இருக்கட்டும் என்று அந்த மூஞ்சியைக் கண்ணாடியில் ஒரு தடவை செய்து காட்டினேன். சிரித்தான். நானும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அவன் இடது கிருதா போய்விட்டது. வலதையும் எடுத்தேன். வலது கொஞ்சம் மேலே போய்விட்டது. இடதைச் சரி செய்தேன். இப்போது இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இருக்கிறது, காதுக்கு இரண்டு விரல் மேலே. போட்டோ அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.