பாலை நிறுத்திய தேதி

கஹவத்தை
05.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அனுஷியாவும் பாப்பாவும் சுகம். அத்தானுடைய முதுகுவலி எப்படி? போனில் பேசுகிறவன் கடிதம் எழுதுகிறானே என்று யோசிப்பீர்கள். உங்கள் குரல் கேட்டதும் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். இரண்டு தடவை அப்படித்தான் ஆனது.

எங்கள் தோட்டத்து ஸ்டோரில் அரைத்த தேயிலை கொழும்பில் பரிசோதனையில் விழுந்துவிட்டது. வாங்குகிற நாட்டில் அனுமதித்த எல்லையைவிட மூன்று மடங்கு பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதாம். ஏழாம் நம்பர் மலைக் கொழுந்து. நான் கணக்கப்பிள்ளையாக இருக்கிற மலை. செஞ்சிலந்திக்கு மருந்தடித்தால் ஏழு நாள் கொழுந்து எடுக்கக் கூடாது. மருந்துப் புத்தகத்தில் அடித்த தேதி பெப்ரவரி பன்னிரண்டு. எடுத்தது இருபத்திரண்டு. ஆகவே மருந்தடித்த சுஜன்தான் அளவுக்கு மேல் கலந்துவிட்டான் என்று மானேஜர் துரை நேற்று அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

நீங்கள் இதே பரிசோதனை வேலையில் இருப்பதால் கேட்கிறேன். கூடுதலாகக் கலந்தால் பத்து நாளுக்குப் பிறகும் இவ்வளவு எச்சம் இருக்குமா? இருக்கும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் தம்பி
விதுர்ஷன்


வத்தளை
08.03.2025

அன்புள்ள விதுர்ஷனுக்கு,

அத்தான் எழுந்து நடக்கிறார். வைத்தியர் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொன்னால் மட்டும் கோபம் வருகிறது. பாப்பாவின் படம் அனுப்பி எத்தனை நாளாகிறது, பார்த்தாயா?

நீ கேட்ட ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. பத்து நாளுக்குப் பிறகும் அவ்வளவு இருக்க வேண்டுமென்றால் கை தவறிக் கொஞ்சம் கூடக் கலந்தது போதாது. பல மடங்கு கலந்திருக்க வேண்டும். அப்படி அடித்திருந்தால் கொழுந்து கருகியிருக்கும். கருகியதாக நீ எழுதவில்லை. எனக்குப் பார்க்க, அடித்து மூன்று நாலு நாளில் எடுத்த கொழுந்து போல இருக்கிறது.

எல்லை என்பது வெளிநாட்டுக்காரன் நம்மை வதைக்கப் போட்டது என்று தோட்டத்தில் சொல்வார்கள். ஒழுங்காக அடித்து, ஒழுங்காகக் காத்திருந்தால் மீறாத அளவு எதுவோ, அதைத்தான் எல்லையாக வைத்திருக்கிறார்கள். மீறியிருந்தால் பெரும்பாலும் யாரோ ஒழுங்கு தவறியிருக்கிறார்கள்.

மருந்துப் புத்தகத்தை எழுதுவது நீதானே?

அன்புடன்
அக்கா
விஜயகலா


கஹவத்தை
11.03.2025

அக்கா,

அடித்தது பத்தொன்பதாம் தேதி.

மழை விழுந்து ஏழாம் நம்பரில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. ஸ்டோருக்குக் கொழுந்து போதவில்லை என்று தினமும் ஏச்சு. பெரிய கணக்கப்பிள்ளை வேலை காலியாகப் போகிறது என்பதும் என் மனதில் இருந்தது. இருபத்திரண்டாம் தேதி காலையில், மருந்தடித்த மலை என்று நட்டிருந்த சிவப்புப் பலகையை நானே பிடுங்கி வைத்துவிட்டு ஆட்களை இறக்கினேன். சுஜன் அன்று பக்கத்து டிவிசனில் மருந்தடித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தில் பன்னிரண்டு என்ற தேதியைப் பிறகுதான் எழுதினேன்.

ஒப்பீசுக்குக் கூப்பிட்ட அன்று சுஜன் என்னைப் பார்த்து, "ஐயா, நாம பத்தொம்பதாந் தேதிதானே அடிச்சோம், நீங்களே சொல்லுங்க" என்றான். அவன் என்ன சொல்கிறான் என்று துரை என்னிடம் சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்திலேயே, இவனுக்குத் தேதி நினைவில்லை என்றேன். அவனுக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும் அக்கா. அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை.

இன்னொரு காரியமும் இருக்கிறது. பலகை இல்லாததைப் பார்த்து அவன் மனைவி மதுஷா அந்த மலையில் ஒரு வாரம் புல்லறுத்துப் பசுவுக்குப் போட்டிருக்கிறாள். அந்தப் பால் லயத்தில் நாலு வீட்டுக்கும், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவுக்கும் போகிறது. பசாரில் கடை வைத்திருக்கும் மஹ்ரூப் நானா சாமான் எடுக்க நாளை கொழும்புக்கு வருகிறார். அவரிடம் ஐஸ் பெட்டியில் ஒரு போத்தல் பால் கொடுத்து விடுகிறேன். அவளிடம் பால் எடுக்கிற ஒரு வீட்டில் கேட்டு வாங்கியது. யாருக்கும் தெரியாமல் பார்த்துச் சொல்ல முடியுமா?

பாப்பாவை நினைத்துப் பயப்பட வேண்டாம். அவளுக்கு இப்போது பால்மாதான் கொடுக்கிறோம்.

விதுர்ஷன்


வத்தளை
15.03.2025

விதுர்ஷன்,

யாருக்கும் தெரியாமல் செய்யவில்லை. என் மேலதிகாரியிடம் இது என் தம்பி செய்த காரியம் என்று சொல்லி, அனுமதி வாங்கித்தான் பரிசோதித்தேன். சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பாலுக்கு உள்ள எல்லையைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது. மாடு புல்லோடு தின்ற மருந்து அதன் கொழுப்பில் தங்கி, மெல்ல மெல்லப் பாலில் வந்துகொண்டிருக்கிறது. குடித்தவர்களுக்கு இன்றே ஏதாவது ஆகிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நான் மறுபடி பார்த்துச் சொல்லும் வரை ஒரு சொட்டும் யாரும் குடிக்கக் கூடாது. பிள்ளைகள் குடிக்கவே கூடாது.

உன் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பாப்பாவுக்குப் பாலை எந்தத் தேதியில் நிறுத்தினாய்? எனக்கு எழுத வேண்டாம். மதுஷாவிடம் போய்ச் சொல். துரையிடம் அதற்குப் பிறகு சொல்லலாம்.

கடல் தாண்டிப் போகிற தேயிலையைப் பார்க்க இங்கே எத்தனையோ பேர் இருக்கிறோம். லயத்துப் பாலைப் பார்க்க நீ ஒருவன்தான் இருந்தாய்.

அக்கா


கஹவத்தை
24.03.2025

அக்கா,

கடிதம் கிடைத்த அன்று பின்னேரமே போனேன். சுஜன் வீட்டில் இல்லை. மதுஷா கதிரையைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. பலகையைப் பிடுங்கியது, தேதியை மாற்றியது, பாலில் இருப்பது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிள்ளை அடுப்புக்குப் பக்கத்தில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். அவள் போய் அதை வாங்கி வைத்துவிட்டு வந்தாள்.

"எத்தன நாளா தெரியும் ஐயா?" என்று கேட்டாள்.

பெப்ரவரி இருபத்திநாலு என்றேன். அன்றைக்குத்தான் அவள் அந்த மலையிலிருந்து புல்லுக்கட்டோடு இறங்குவதைக் கண்டேன். அன்று பின்னேரமே பால்மா வாங்கிக்கொண்டு வந்தேன்.

துடைத்துப் போட்ட கதிரையை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். பிறகு, "நீங்க பால நிப்பாட்டுனதும், தண்ணி கலக்குறேன்னு நெனச்சிட்டீங்களோன்னு இருந்துச்சு. அனுஷியா அக்காகிட்ட கேக்கவும் வெக்கமா இருந்துச்சு" என்றாள்.

வெட்கம் அவளுக்கு இருந்திருக்கிறது அக்கா. மூன்று வாரமாக.

அனுஷியாவுக்கும் நான் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. பாப்பாவுக்கு வயிறு சரியில்லை என்றுதான் சொல்லி நிறுத்தினேன். இப்போது சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

அடுத்த நாள் காலையில் பெரட்டுக்களத்தில் அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ள நின்ற எல்லோருக்கும் முன்னால் துரையிடம் சொன்னேன். தமிழில் சொல்லிவிட்டுச் சிங்களத்திலும் சொன்னேன். பிள்ளைக்காம்பராவுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற தாய்மார் முன்வரிசையில் நின்றார்கள். அவர்கள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், மற்றவர்களும் பின்னால் போய்விட்டார்கள்.

சுஜனை மறுபடி வேலைக்கு எடுத்துவிட்டார்கள். என்னை நிறுத்திவிட்டார்கள். குவாட்டர்ஸைக் காலி செய்து, அப்பாவின் பழைய லயக் காம்பராவுக்கு வந்துவிட்டோம். சுஜன் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி. மஹ்ரூப் நானாவின் கடையில் மூட்டை இறக்குகிறேன். மதுஷா தினமும் காலையில் பாலைக் கறந்து பின்னால் குழியில் ஊற்றுகிறாள். நான் தண்ணீர் பிடிக்கப் பைப்படியில் நின்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சுஜன் என்றாவது என்னோடு பேசுவானா அக்கா?

விதுர்ஷன்


வத்தளை
07.04.2025

அன்புள்ள விதுர்ஷனுக்கு,

மஹ்ரூப் நானா இந்தத் தடவை கொண்டுவந்த போத்தலை மதுஷாவே கட்டி, அவள் பெயரை எழுதி அனுப்பியிருந்தாள். பரிசோதித்தேன். பாலில் இருப்பது இப்போது எல்லைக்கு மிகவும் கீழே. குடிக்கலாம். முடிவை அவளுக்குத் தமிழில் எழுதி, அவள் பெயருக்கே தபாலில் போட்டிருக்கிறேன். உன் கையில் கொடுத்து விட மனம் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

சுஜன் பேசுவானா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. அவனிடம் போய்க் கேட்காதே. அவன் பேசுகிற நாளை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

அனுஷியாவோடு நேற்றுப் பேசினேன். உன் வேலை போனதற்கு அவள் அழவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னாயே, அதற்குத்தான் அழுதாள். சித்திரை வருடப்பிறப்புக்கு நானும் அத்தானும் வருகிறோம். உன் காம்பராவில்தான் தங்குவோம்.

பாப்பாவுக்குப் பால் வேண்டுமென்றால் அனுஷியாவை அனுப்பாதே. செம்பை எடுத்துக்கொண்டு நீயே மதுஷாவின் வாசலுக்குப் போ. மற்ற வீட்டுக்காரர்கள் நிற்கிற வரிசையில் நில். ஊற்றுவதும் ஊற்றாததும் அவள் விருப்பம்.

அன்புடன்
அக்கா
விஜயகலா