சபை வயலைக் கொடுத்த ஞாயிறு

கான்சஸ்
24 ஜனவரி 1961

அன்பு மகன் லீலண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். உன் கிறிஸ்துமஸ் கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. டாங்கனிக்காவில் மழை பிந்திவிட்டது என்றும் மிஷன் பள்ளிக்குப் பின்னால் நீங்கள் தோண்டிய கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய், அப்பா அதை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கடிதம் என்று விதைக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டிவிட்டு வந்தார். கோடையில் வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பி சபை வயலைக் குத்தகைக்கு எடுத்து உழலாமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சபை வயல் இனி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதை விமானப் படைக்குக் கொடுத்துவிட்டோம். அங்கே ஏவுகணையை நிறுத்தி வைக்கக் குழி தோண்டப் போகிறார்கள்.

அளவு பார்க்கிறவர்கள் இலையுதிர் காலத்திலேயே வந்து போனார்கள், அப்போது நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மாவட்டம் முழுக்க எல்லோர் நிலத்திலும்தான் முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வழக்கம்போலச் சபை வயலில் கோதுமை விதைத்தார், நீ வந்து அறுப்பாய் என்று சொல்லிச் சொல்லி விதைத்தார். இப்போது மெல்லிய பனிக்குக் கீழே விரல் உயரத்துக்குப் பச்சையாக நிற்கிறது. டிசம்பரில்தான் படைப் பொறியாளர் பிரிவிலிருந்து ஒரு மேஜர் வந்து, வேண்டிய இடம் நம்முடையதுதான் என்று போதகரிடம் சொன்னார். சபையின் ஆண்டுக் கூட்டம் எப்படியும் ஜனவரியில் வருகிறது, அதில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. அப்பாதான் இந்த வருடம் சபைத் தலைவர் என்பது உனக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு முன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமை ஜனாதிபதி விடைபெறும் உரையாற்றினார். அங்கே உங்களுக்கு அந்தச் செய்தி வந்ததோ இல்லையோ. நம் வீட்டுத் தொலைக்காட்சியில் படம் ஆடுகிறது என்று ஆஸ்கார் மாமா வீட்டுக்குப் போனோம், அல்மா அத்தை காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை. ஆனால் அந்த மனிதர் சொன்னது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பெரிய படையும் நிரந்தர ஆயுதத் தொழிலும் இந்த நாட்டுக்குப் புதிது, அவை தேவைதான், ஆனால் இரண்டும் சேர்ந்தால் வரும் செல்வாக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு அலுவலகத்திலும் தெரிகிறது, அது வரம்பு மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது விழிப்புள்ள குடிமக்கள்தான் என்றார். பல்கலைக்கழகங்களையும் விடவில்லை, அரசாங்க ஒப்பந்தம் வந்து உட்காரும் இடத்தில் ஆராய்கிறவனின் ஆவல் எழுந்து போய்விடும் என்கிற பொருளில் ஏதோ சொன்னார். அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பள்ளியில் நான் பாடம் நடத்தப் பயன்படுத்தும் நுண்ணோக்கிகள் போன வருடம் நாட்டுப் பாதுகாப்பு என்ற பெயரில் வந்த பணத்தில் வாங்கியவை, நானே மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன்.

ஆஸ்கார் மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா தைரா, நம்ம ஊர்ப்பக்கத்து ஆளு! ஆயுசு பூரா படையில இருந்தவரே சொல்றாருன்னா சும்மாவா?" என்று என்னைப் பார்த்துச் சொல்லித் தொடையில் தட்டிக்கொண்டார். அல்மா அத்தை, "பாவம், முகமே வாடிப் போச்சு, இனிமேயாவது நிம்மதியா மீன் பிடிக்கட்டும்" என்றாள். எட்டு வருடம் நாற்காலியில் இருந்தவருக்கு இதைச் சொல்ல மூன்று நாள் மிச்சம் இருக்கும்போதுதான் நேரம் கிடைத்ததா என்று நான் கேட்டேன். "உனக்கு எதுலதான் குறை இல்ல? சொர்க்கத்துக்குள்ள விட்டாலும் கதவுல சாயம் உரிஞ்சிருக்குன்னு சொல்லுவ" என்றார் மாமா, எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்தான். ஆஸ்கார் மாமாவின் இரண்டு லாரிகளும் நவம்பரிலிருந்து பக்கத்து மாவட்டத்தில் தோண்டும் ஏவுகணைக் குழிகளுக்கு ஜல்லி அடிக்கின்றன, அதை அந்த அறையில் ஒருவரும் நினைக்கவில்லை. நான் நினைத்தேன், அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. வழக்கம்போல உருளைக்கிழங்கு போட்ட தொத்திறைச்சி, ரை மாவு ரொட்டி, அரிசிப் பாயசம். மேஜரும் வந்திருந்தார், அடக்கமான மனிதர், அல்மா அத்தையிடம் இரண்டாவது தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அதிலேயே பாதிப் பேர் அவர் பக்கம் போய்விட்டார்கள். பிறகு கூட்டம். போதகர் நைக்விஸ்ட் ஜெபத்திலேயே ஜனாதிபதியின் எச்சரிக்கைக்காக நன்றி சொன்னார், எல்லோரும் ஆமென் என்றார்கள், அதே மூச்சில் வயலைப் பற்றிய தீர்மானத்தை எடுத்துக்கொண்டோம். விலை நியாயமான விலைதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆலயக் கூரை ஒழுகுகிறது, அதுவும் உண்மை. நான் எழுந்தேன். நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். லாஃப்கிரென் அம்மாள் போதகருக்குச் சாப்பாடு குறையக் கூடாது என்று விட்டுப்போன நிலம் இது, செவ்வாய்க்கிழமை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து நாம் எல்லோரும் தலையாட்டினோமே, ஜனாதிபதி ஒவ்வொரு ஊரிலும் என்று சொன்னாரே, அது எந்த ஊர் என்று கேட்டேன்.

ஆஸ்கார் மாமாதான், "அவரு வாஷிங்டன்ல கோட்டுப் போட்டுக்கிட்டு சுத்தறவங்களச் சொன்னாரு தைரா. நாம கோதுமை வெதைக்கறவங்க" என்றார். போதகர் மெதுவாக, "நாம வேணாம்னாலும் சட்டப்படி எடுத்துக்குவாங்கம்மா, மனஸ்தாபம் இல்லாம கொடுத்துடறது நல்லதில்லையா?" என்றார். எடுத்துக்கொள்ளட்டும், எடுத்துக்கொண்டதாக இருக்கட்டும், நாம் கொடுத்ததாக இருக்க வேண்டாம் என்றேன். அப்போதுதான் மேஜர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் புண்படுத்தாத குரலில், "நானும் கேட்டேங்கம்மா, ரொம்ப நல்லாச் சொன்னாரு. ஆனா இந்தக் குழிகளுக்கு உத்தரவு வந்ததே அவரு ஆட்சியிலதாங்க" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

கை தூக்கச் சொன்னார்கள், என் ஒரு கைதான் எதிராக நின்றது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நம் சபையின் வழக்கம் தெரியுமே, ஓட்டு எப்படிப் போனாலும் கடைசியில் ஒருவர் எழுந்து ஒரே மனதாக ஆக்கிவிடுவோம் என்பார், எதிர்த்தவர்களும் சேர்ந்து எழுந்து நிற்பார்கள், முன்னோர்கள் காலத்தில் ஒரு சண்டையில் சபை இரண்டாக உடைந்ததிலிருந்து இப்படி. ஆஸ்கார் மாமா எழுந்து அதைச் சொன்னார், நாற்காலிகள் எல்லாம் நகர்ந்தன, எல்லோரும் நின்றார்கள். நான் நிற்கவில்லை. பிடிவாதம் என்று நினைக்காதே, கால் எழவில்லை. அப்பா மேசைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், ஒரு களைப்புதான் இருந்தது. யாரும் உட்காரவில்லை. ஆஸ்கார் மாமா, "என்ன, முட்டி வலியா? சரி, பரவால்ல, மனசால நின்னுட்டா போதும்" என்றார். குபீரென்று சிரிப்பு, அதோடு எல்லோருக்கும் மூச்சு வந்தது, அப்பா சுத்தியலைத் தட்டினார், ஒருமனதாக என்று எழுதிக்கொண்டார்கள். யாரும் என்னோடு சண்டை போடவில்லை லீலண்ட். கிளம்பும்போது மூன்று பேர் மீதமிருந்த கேக்கைக் கட்டி என் கையில் கொடுத்தார்கள். வீட்டில் நோயாளி இருந்தால் கொடுப்பது போல. அப்பா காரில், "உனக்கு வேண்டியதச் சொல்லிட்ட இல்ல, விடு" என்றார்.

நான் சொன்னது சரி என்றுகூட எனக்கு இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. ரஷ்யாக்காரன் சும்மா இருக்கிறான் என்று நான் நம்பவில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் யாரோ வில்லன் நிற்பான், அவனைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் கீழ்த்தளத்தில் எனக்குத் தெரியாத முகம் மேஜருடையது ஒன்றுதான், அவரும் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். எச்சரிக்கை யாருக்கும் கேட்காமல் போகவில்லை, எல்லோரும் கேட்டார்கள், எல்லோருக்கும் பிடித்திருந்தது.

இனி அப்பா எழுதச் சொன்னது. குழிக்கு மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் போட ஆள் எடுக்கிறார்களாம், கிணறு தோண்டத் தெரிந்தவன் என்றால் உடனே எடுத்துக்கொள்வார்கள் என்று ஆஸ்கார் மாமா ஒப்பந்தக்காரரிடம் பேசி வைத்திருக்கிறார். சம்பளம் குத்தகையில் நீ பார்த்திருக்கக்கூடியதைவிட மேல், வீட்டிலிருந்தே போய் வரலாம். அப்பா உன் அறைக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கிவிட்டார். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டேன்.

இது நான் எழுதுவது. வராதே. நீ வந்தால் அந்த வேலைக்குத்தான் போவாய். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை, இங்கே உன் வயதுக்காரனுக்கு வேறு வேலை இல்லை, வயலும் இல்லை, ஒரு வருடம் நீ மறுப்பாய், இரண்டாம் வருடம் ஒரு பெண்ணைப் பார்ப்பாய், அப்புறம் குழியில் இறங்குவாய், நாங்கள் எல்லோரும் உன்னைப் பாராட்டுவோம், நானும் உன் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். எனக்கு என்னைத் தெரியும். அங்கேயே இன்னும் ஒரு பணிக்காலம் கேட்டுப் பார், இல்லாவிட்டால் வேறு எங்கேயாவது மண்ணைக் கிளறும் வேலை தேடு. உன்னைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது, இந்த வரிகளை எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று விவரிக்கப் போவதில்லை.

மலேரியா மாத்திரையை விடாமல் போட்டுக்கொள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. கர்த்தர் உன்னைக் காப்பார் என்று அப்பா எழுதச் சொன்னார், நானும் அதையே வேண்டிக்கொள்கிறேன், என் வேண்டுதலுக்கு எவ்வளவு எடை என்று தெரியாவிட்டாலும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அங்கேயே இருப்பது நீயாக யோசித்து எடுத்த முடிவு என்று எழுது. என் பெயரை அதில் கொண்டுவராதே. நான் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.

உன் அம்மா
தைரா