துளசியின் இடக் கை

ஒக். 14, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. துவைத்த உடுப்பெல்லாம் கதிரைகளின் மேல்.

பத்தரைக்குக் குழந்தை துளசி கட்டிலிலிருந்து உருண்டாள். நான் அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றேன். கண் பார்க்க முன் கை போய்விட்டது. ஜப்பானில் இரண்டு வருடம் சம்பளத்துக்குப் பேஸ்போல் ஆடிய கை. பக்கத்தால் போகிற எதையும் விடாது. பிள்ளை நிலத்தில் படவில்லை. ஆனால் நான் பிடித்தது மணிக்கட்டில். முழுப் பாரமும் அதில் தொங்கியது. உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு இடக் கையைத் தூக்கவேயில்லை. ரஸ்க் நீட்டினால் வலக் கைதான் வருகிறது. தொட்டால் அலறல்.

மத்தியானம் மாமியின் போன், கொட்டாஞ்சேனையிலிருந்து. நடந்தது தெரியாமலே வழமையான கதை: “பந்து எறிஞ்ச கைக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமே? பள்ளிக்கூடத்தில கோச் பண்ணப் போறதெண்டால் போ. பிள்ளையை என்னட்டை விடு.”

பின்னேரம் இவர் கோர்ட்டால் வந்து கேட்டார், “கைக்கு என்ன?”

“கட்டிலால விழுந்திட்டாள்.”

வாயில் வந்துவிட்டது. திருப்பி எடுக்க முடியவில்லை.

ஒக். 15, செவ்.
ஆஸ்பத்திரி. மூன்று மணித்தியாலம் வரிசை. எக்ஸ்ரேக்கு இரண்டு பேர் துளசியை அமத்திப் பிடித்தார்கள். எலும்பு உடையவில்லை. மருந்துச் சீட்டில் ‘விழுந்தது’ என்று எழுதி, கையைத் துணியால் கழுத்தில் தொங்கவிட்டு, நாளைக்கும் வரட்டாம்.

நோவு மருந்து, 6 மணிக்கு ஒருதரம்.
பால்மா.
லோண்ட்ரி – இவரின் கறுப்புக் கோட்.

மாமி வந்திருக்கிறா. பிள்ளையின் தலையைத் தடவித் தடவிப் பார்த்தா. “கட்டிலால விழுந்த பிள்ளைக்கு ஒரு வீக்கமும் இல்லையே.”

இவர் என்னைப் பார்த்தார். புதுக்கடைக் கோர்ட்டில் நாள் முழுக்கச் சாட்சிகளைக் குடைகிறவர். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.



ஒக். 16, புதன்
வெயில். ஆஸ்பத்திரியில் இன்று வேறு டொக்டர். முஸ்லிம் பெண், என்னைவிட இளமை. கையைக் கொஞ்ச நேரம் பார்த்தா.

“விழுந்த கை மாதிரி இல்லயே. யாராச்சும் கையப் புடிச்சுத் தூக்கினீங்களா? பயப்படாமச் சொல்லுங்க. அதுக்கு வைத்தியம் வேற.”

ஒரு பக்கம் மாமி. மறு பக்கம் இவர்.

“நான்தான். விழ முன்னம் மணிக்கட்டில பிடிச்சனான்.”

டொக்டர் முழங்கையை ஒரு கையால் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி மடக்கினா. ஒரே ஒரு கத்தல். பத்து நிமிடத்தில் துளசி அந்த டொக்டரின் பேனையை இடக் கையால் பறித்தாள்.

“முழங்க மூட்டு கொஞ்சம் நழுவியிருந்திச்சு. அன்டைக்கே சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வேல. சும்மா ரெண்டு நாள் புள்ளைக்கு நோவு.”

மாமி பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டா.

வெளியே வந்து இவர், “ரெண்டு நாளா ஏன் மறைச்சனீர்?”

“பிள்ளையை என்னட்டை இருந்து எடுத்துப்போடுவியள் எண்டு.”

இல்லை என்று சொல்வார் எனப் பார்த்தேன். ஓட்டோக்காரரிடம் எங்கள் வீடு இருக்கிற வெள்ளவத்தையைச் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனை என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல்: “பிள்ளை கொஞ்ச நாளைக்கு என்ர அம்மாவோட இருக்கட்டும்.”

நான் எந்த வாயால் மறுப்பது.

நான் மாமி வீட்டுப் படி இறங்கும்போது துளசி டாட்டா காட்டினாள். இடக் கையால்.