மாடிக்கு இழுத்த வயர்

அண்ணி,

அமீர்பேட் ரேடியோ வகுப்புக்குப் போகிறேன். மாடிச் சாவி ரேடியோவின் பின்னால் இருக்கிறது. நீங்கள் வைத்த ரசத்தைச் சூடாக்கி மூடியிருக்கிறேன். அப்பா இன்றும் தொடவில்லை.

கூடத்து ரேடியோ மாடியில் உங்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் வயர் இழுத்தேன். வயரிங் படத்தைப் பலமுறை சரிபார்த்தும் இணைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டேன். மாடி ஸ்பீக்கரே மைக் ஆகிவிட்டது. "உங்கப்பா இருமலே மாடி வரைக்கும் கேக்குது, ரேடியோ நக்கோ, வேண்டவே வேண்டாம்" என்று நீங்கள் அண்ணனிடம் சிரித்தது கூடத்தில் அப்பா காதில் விழுந்தது. வேண்டுமென்றே செய்யவில்லை, அண்ணி. மொட்டைமாடிக்கும் வயர் இழுக்கப் போட்ட திட்டத்தையும் கிழித்துவிட்டேன்.

நாளை மதராஸ் வண்டிக்கு அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். நீங்கள் சொன்னாலும் நிற்பாரா, தெரியவில்லை.

சீதாராமன்

பி.கு.: "அந்தப் பெட்டியிலே இங்கேருந்து மேலே பேச முடியுமாடா?" என்று அப்பா இப்போது கேட்கிறார். அவரால் படி ஏற முடியாது. வயரை நான் காலையிலேயே அறுத்துவிட்டேன்.