நீ சொன்ன கடைசிக் காட்சி

கேசட் மேசைமேல் இருக்கிறது. கூரியரில் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. மேலே நீ பச்சை மையில் எழுதிய 'தம்மாமுக்கு' அப்படியே இருக்கிறது. கூடவே ஒரு பென் டிரைவ் வந்தது. இரண்டையும் உன் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு டீ போடப் போனேன். சர்க்கரை போடவில்லை என்பது குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. நீ மவுத்தாகி மூன்று வருஷமாக இப்படித்தான். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறேன்.

உனக்கு அந்தப் படம் ஞாபகம் இருக்கும். கப்பலேறிப் போன புருஷனுக்காக ஒருத்தி காத்திருக்கிற கதை. ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய்ப் பார்த்தோம். கடைசி ரீலில் நம் மகன் வீறிட்டு அழ, தியேட்டரே திரும்பிப் பார்த்தது. "புள்ளைக்கு மூச்சு முட்டுது, எந்திரிங்க" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். வீடு வரைக்கும் நான் உர்ரென்று வந்தேன். படத்தில் அந்தப் புருஷன் வந்தானா இல்லையா என்று தெரியாமலே இரண்டு மாதத்தில் நானும் சவுதி வேலைக்காகத் தம்மாமுக்கு விமானம் ஏறிவிட்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் அதைப் போட்டிருக்கிறார்கள். நான் அனுப்பிய டேப் ரிக்கார்டரை டிவி முன்னால் வைத்துக் கடைசி அரைமணி நேரத்தைப் பிடித்துவிட்டாய். ஊருக்கு வந்துபோனவர் ஒருவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். எட்டுப் பேர் தங்கியிருந்த அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டேன். கடைசிக் காட்சியில் வசனமே கிடையாது, வெறும் வயலின். நான் பார்க்க முடியாதே என்று நீ சொல்லிக்கொண்டே போகிறாய்: "கதவு தட்டுற சத்தம் கேக்குதாங்க? ஓடுறா. தொறக்குறா. வந்துட்டாருங்க! பொட்டியோட நிக்கிறாரு. இவ அழுவுறா, சிரிக்கிறா." வயலின் ஓய்கிறது. அப்புறம், "நீங்களும் வந்துருவீங்கல்ல?"

அந்த முடிவைக் கேட்டுக் கேட்டுத்தான் பதினாறு வருஷத்தை ஓட்டினேன்.

போன வருஷம் பேப்பரில் பார்த்தேன். பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து காப்பாற்றுகிறார்களாம். இந்தப் படத்துக்கு ஒரே ஒரு பிரதிதான் கிடைத்திருக்கிறது. கடைசி ரீலில் காட்சி இருக்கிறது, ஒலி அழிந்துவிட்டது, யாரிடமாவது இருந்தால் தாருங்கள் என்று போட்டிருந்தார்கள். நீ போட்டோவுக்கே நிற்கமாட்டாய். உன் குரல் இருந்தது அந்தக் கேசட்டில் மட்டும்தான். தெரிந்தும் சென்னைக்கு அனுப்பினேன்.

அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், டேப் ரொம்ப நைஞ்சிருக்கு. இன்னும் ஒரே ஒரு தடவைதான் ஓட்ட முடியும். மேல ஒரு அம்மா பேசிட்டே இருக்காங்க. அவங்க குரலை எடுத்துட்டா படத்தோட சத்தம் கிடைச்சிரும். எடுக்கலாமா?"

"எடுத்துருங்கம்மா" என்றேன். மளிகைக் கடையில் பை வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன்.

"அவங்க குரலைத் தனியா உங்களுக்கு அனுப்பிடறேன் சார். ஆனா கடைசியில அவங்க சொல்றது..." என்று இழுத்தாள். "நீங்க படத்தைப் பாருங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

பென் டிரைவில் வந்தது அதுதான். போட்டுக் கேட்கவே இல்லை. உன் குரலைக் கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றாமல் போய்விட்டால்? அதுதான் பயம்.

போன ஞாயிறு காலை ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். அதே ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனேன். திரையில் அவள் புடவைக் கரையில் இருந்த மாங்காய்கூடத் தெளிவாகத் தெரிந்தது. கடைசிக் காட்சி வந்தது. வயலின், கதவுச் சத்தம். ஓடினாள், திறந்தாள்.

வாசலில் யாரும் இல்லை. காற்றில் கதவு அடித்திருக்கிறது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள், தாழ்ப்பாளைப் போட்டாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். படம் முடிந்தது.

அடிப்பாவி!

வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். முன்வரிசைக்காரர் திரும்பி, "என்னாச்சுங்க பெரியவரே?" என்றார். "ஒன்னுமில்லைங்க" என்றேன்.

அவன் வரவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, வந்துவிட்டான் என்று எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான் ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகு ஒருநாள், அந்தப் படத்தை ஒரு தடவையாவது முழுசாகப் பார்க்கவேண்டும் என்றேன். "அதான் வந்தாச்சுல்ல, அப்புறம் என்னங்க படம்?" என்று சோற்றைப் போட்டாய். நானும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து பென் டிரைவை டிவியில் சொருகினேன். வயலின் இல்லை, கதவுச் சத்தம் இல்லை. நீ மட்டும் பேசுகிறாய். "வந்துட்டாருங்க" என்று சொல்லும்போது உன் குரல் உடைகிறது. தம்மாமில் அதைச் சந்தோஷம் என்று நினைத்திருந்தேன்.

இன்னும் அழுகை வரவில்லை. நேற்று மத்தியானம் வாசல் கதவு அடித்தது. காற்றுதான் என்று தெரியும். எழுந்துபோய்த் திறந்து பார்த்தேன். தாழ்ப்பாள் போடாமல் வந்து உட்கார்ந்தேன்.