உயிருள்ள மாம்பழப் பொடி

வைகாசி 20, செவ்வாய்
விடியும்போதே புழுக்கம். தயிர் விட்டுப் புளிக்க வைத்த மாம்பழச் சாறு, எட்டுத் தட்டு, கம்பெனி மொட்டை மாடியில். சாயங்காலத்துக்குள் பொடியாகிவிடும் என்று முதலாளி சொன்னார்.

மாலை 5: பாகு. ஒட்டுகிறது. எங்கும் ஈ.

பழம் வெட்டும் முனியம்மா கத்தியால் சுரண்டிப் பார்த்தாள். "பொடி எங்கம்மா? கோந்தாட்டம் கீது."

சனிக்கிழமை திருப்பதியில் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் மாதிரி காட்ட வேண்டும். வயிற்றுப்போக்கு வந்து தேறும் பிள்ளைகளுக்குக் கொடுக்க. அவர் ஒப்புக்கொண்டால் மாம்பழம் முடிந்த பிறகும் எங்களுக்கு வேலை. இல்லையென்றால் ஆடியில் பூட்டு.

சோப்பு வாங்க மறதி.

வைகாசி 21, புதன்
முதலாளியின் புது யோசனை: உள்ளே நீராவி ஓடும் இரும்பு உருளை. அரிசி மாவு கலந்த சாற்றை மேலே ஊற்றினால் ஒரு சுற்றுக்குள் காய்ந்து தகடாக உதிர்கிறது. சற்று நேரத்தில் ஒரு டப்பா. பொன் நிறம்.

"பாத்தியாம்மா! நீ தட்ட வச்சிக்கினு ஒக்காந்திருந்தியே!"

அந்தச் சூட்டில் தயிர்க் கிருமி செத்திருக்கும் என்றேன். அதற்காகத்தானே புளிக்க வைத்தது?

"கிருமி செத்தா நல்லதுதானே?"

நான் பி.எஸ்ஸி. படித்தது இதற்குத்தான்.

மாலையே என் பங்குக்கு மரப்பெட்டி ஒன்று தயார். உள்ளே பல்பு, சின்ன விசிறி. கொழுப்பு நீக்கிய பால் பொடி கலந்த சாறு, மெல்லிய படலமாக. கை பொறுக்கும் சூடு மட்டும்.

வைகாசி 22, வியாழன்
கரண்ட் மூன்று முறை போயிற்று. எரிச்சல். முனியம்மா ஓலை விசிறியால் வீசினாள். அவள் ஊர் மதராஸ் பக்கமா, ஆந்திரா பக்கமா என்று எல்லை சர்வே ஆட்கள் மறுபடி வந்து கேட்டார்களாம். "எந்தப் பக்கமோ போவட்டும். எனக்கு வேல இருந்தா போதும்."

வைகாசி 23, வெள்ளி
பெட்டியில் கால் டப்பா. வெளிறிய நிறம். காலையில் இரண்டு தம்ளர் வெதுவெதுப்பான பாலில் இரண்டு பொடியையும் தனித்தனியே ஒரு சிட்டிகை போட்டேன்.

மாலை 6: உருளைப் பொடி போட்டது பாலாகவே. பெட்டிப் பொடி போட்டது தயிர். முனியம்மா தம்ளரைக் கவிழ்த்தே பார்த்துவிட்டாள்.

முதலாளி: "டாக்டரம்மா பொடியப் பாப்பாங்களா, தயிரப் பாப்பாங்களா?" உருளை டப்பாவுக்கு 'உயிருள்ள தயிர்ச் சத்து' என்று சீட்டு எழுதச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவரே எழுதினார், தமிழிலும் தெலுங்கிலும். "நாளைக்கு வாயத் தொறக்காத."

வைகாசி 24, சனி
பஸ்ஸில் திருப்பதி. மடியில் இரண்டு டப்பா, உருளைப் பொடியும் பெட்டிப் பொடியும்.

டாக்டரம்மா இரண்டையும் முகர்ந்தார். "ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாங்க" என்றார் முதலாளி.

அந்தப் பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தது கதவு வழியே தெரிந்தது. "இல்லீங்க. பளபளன்னு இருக்கறது செத்தது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் வெளிறியதை எடுத்துக்கொண்டார். "நானும் சோதிச்சுப் பாக்கறேன். சரியா இருந்தா மாசம் முப்பது டப்பா."

திரும்பும் பஸ்ஸில் முதலாளி முன் சீட்டில், முகம் ஜன்னல் பக்கம். புத்தலப்பட்டு ஊர் தாண்டும்போதுதான் திரும்பினார்.

"மானத்த வாங்கிட்டியேம்மா." கொஞ்ச தூரம் போனதும், "முப்பது டப்பாக்கு எத்தினி பெட்டி வேணும்?"

"ஆறு. விசிறியும் ஆறு."

"ஆறா!" எழுந்தேவிட்டார். கண்டக்டர் அதட்டி உட்கார வைத்தார்.